இரண்டு ஜன்னல் கேமரா

கட்சால்
நிக்கோபார் தீவுகள்
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி ராஜகுமாரி எழுதுவது. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. அம்மாவும் நலம், அம்மாவின் வாயும் நலம். அண்ணிக்கு முதுகுவலி தேவலையா? என் இடது கண் நன்றாக இருக்கிறது. வலது கண்ணைப் பற்றி இனி யாரும் விசாரிக்க வேண்டாம். தேங்காய் உடைத்தபோது சிரட்டைச் சில்லு தெறித்ததும், கடல் கொந்தளித்துக் கப்பல் வராமல் புண் பழுத்ததும் முடிந்துபோன கதை. நான் அழுது தீர்த்துவிட்டேன். நீங்களும் சீக்கிரம் தீர்த்துவிட்டால் நல்லது.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இங்கே சிக்னல் கிடைப்பது ரேஷன் கடை மேட்டில் மட்டும்தான். அங்கே நின்று பேசினால் ரப்பர் தோட்டம் முழுக்கச் செய்தி வாசித்த மாதிரி. டாக்டரும் போன் திரையை உற்றுப் பார்க்காதே, மிச்சமிருக்கிற கண்ணைக் காப்பாற்று என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஒரு கேமரா வேண்டும். திரை இல்லாத, ஃபிலிம் போடுகிற கேமரா. தையல் இனிமேல் சரிப்படாது. போன வாரம்கூட ஒரு ஜாக்கெட் துணியில் கத்தரியைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டேன். கட்சாலில் ஒரு ஸ்டூடியோ கிடையாது. காகிதத்தில் ஒரு போட்டோ வேண்டுமென்றால் போர்ட்பிளேருக்குக் கப்பல் ஏற வேண்டும். கல்யாணம், சடங்கு, பிள்ளைக்குப் பேர் வைப்பது எல்லாவற்றுக்கும் நான் எடுக்கப் போகிறேன். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டா என்று கேட்காதே. போட்டோ எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் எடுக்கிறார்கள். எனக்கு மூடுகிற வேலை மிச்சம்.

சென்னை ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில் அம்மாளைப் பார்க்க அமிர்தவல்லி என்று ஒரு மகள் வருவாளே, கழுத்தில் பழைய கேமராவோடு, ஞாபகமிருக்கிறதா? ஒருநாள் அதை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். நீ எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம், அதற்குள் உன் மூக்கு இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு மூக்கும் நெருங்கி ஒன்றாக ஒட்டிக்கொண்டது. வளையத்தில் ஏழு அடி என்று இருந்தது. அன்று காலையில்தான் டம்ளருக்கு வெளியே காபியை ஊற்றி அண்ணி சேலையை நாசமாக்கியிருந்தேன். ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டமும் தூரமும் ஒன்றுதான், அண்ணே. அந்தக் கேமரா எனக்குத் தூரத்தைச் சொன்னது.

அதற்குப் பேர் ரேஞ்ச்ஃபைண்டர். முன்பக்கம் இரண்டு ஜன்னல் இருக்கும். இரண்டு கண் உள்ளவர்கள் தூரத்தைக் கணிக்கிற மாதிரி, அது இரண்டு ஜன்னலையும் வைத்துக் கணிக்குமாம். ரிஃப்ளெக்ஸ் என்று வேறொரு ஜாதி உண்டு, உச்சந்தலையில் திமில் மாதிரி புடைத்திருக்கும். அது வேண்டாம். சேர்த்து வைத்த தையல் காசை அண்ணி கணக்குக்கு அனுப்பிவிட்டேன். அதற்குள் பழையதாக ஒன்று பார். மேலே நீ கைக்காசு போடக்கூடாது.

இன்னொன்று. இப்போதெல்லாம் யார் வந்தாலும் அம்மா என்னைச் சுவரோரமாக, வலது பக்கம் சுவருக்குப் போகிற மாதிரி உட்கார வைக்கிறாள். வரன் பார்க்கிறார்களாம். யார் பார்க்கிறது என்று கேட்டால் உலை கொதிக்கிறது என்று எழுந்துவிடுகிறாள். உனக்கு ஏதும் தெரியுமா?

நாளைக்குக் கப்பல். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கச்சி
ராஜகுமாரி

*

அம்பத்தூர், சென்னை
10 செப்டம்பர் 2023

அன்புத் தங்கச்சி ராஜகுமாரிக்கு,

அண்ணன் முத்துராஜ் ஆசியுடன் எழுதுவது. இங்கே வெயில், தண்ணீர் லாரி, ஓவர்டைம் எல்லாம் வழக்கம்போல். அண்ணி நளினிக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. காபி பட்ட சேலையை இன்னும் உன் ஞாபகமாக உடுத்துகிறாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பாரிமுனையில் பழைய கேமரா விற்கிற ஜம்புலிங்கம் கடைக்குப் போனேன். மூன்று சனிக்கிழமை போயாயிற்று. நீ கேட்ட இரண்டு ஜன்னல் வகையும் வைத்திருக்கிறார். ஆனால் அதில் ஆயிரம் நொட்டை. லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லையாம், பக்கத்து ஓட்டை வழியாகப் பார்ப்பதாம். கிட்டே வைத்து எடுத்தால் தலை வெட்டுப்பட்டுப் போகுமாம். லென்ஸைக் கழற்றி மாற்றவும் முடியாது. அதே காசுக்கு ரிஃப்ளெக்ஸும் கூடவே ஒரு ஜூம் லென்ஸும் தருகிறேன் என்றார். அதில் நீ பார்ப்பதுதான் படத்தில் விழும். ஏமாற்றமே கிடையாது.

அதனால் ரிஃப்ளெக்ஸையே வாங்கிவிட்டேன். கோபப்படாதே. யோசித்துத்தான் செய்தேன். ஜூம் இருப்பதால் நீ ஆட்கள் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் பந்தல் ஓரமாக நின்றே எடுத்துக்கொள்ளலாம். யாரும் உன்னை உற்றுப் பார்க்க மாட்டார்கள், உனக்கும் சங்கடம் இல்லை. நம் முத்துகிருஷ்ணன் சித்தப்பா இந்த மாதம் கப்பலில் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடல் காற்றுக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடி வை.

அப்பாவை வெந்நீர் குடிக்கச் சொல். கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் போடு.

உன் அண்ணன்
முத்துராஜ்

*

கட்சால்
15 அக்டோபர் 2023

அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். சித்தப்பா கேமராவைச் சேர்த்துவிட்டார். இதே கடிதத்தோடு அவர் கையிலேயே அது திரும்பி வருகிறது. பத்திரமாகத்தான் கட்டியிருக்கிறேன், உன் காசு உடையாது.

பார்க்காமல் திருப்பினேன் என்று நினைக்காதே. ஃபிலிம் இல்லாமலே இரண்டு வாரம் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தேன். வெயிலில் கண்ணாடி மாதிரித் தெரிகிறது, அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் லயத்து வீட்டு இருட்டுக்குள் நுழைந்தால் அந்த ஜூமுக்குள் ஒரே மசங்கல். எது தெளிவு, எது மங்கல் என்று என் ஒரு கண்ணால் பிரிக்க முடியவில்லை. அந்த மஞ்சள் கட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. உருவம் இரண்டும் ஒட்டியது என்றால் ஒட்டியது, இல்லையென்றால் இல்லை. அப்புறம், பட்டனை அழுத்தினால் உள்ளே கண்ணாடி டப்பென்று மேலே போய் அந்த நொடி இருட்டாகிவிடுகிறது. எந்த நொடியை எடுக்கிறேனோ அதை மட்டும் நான் பார்க்க முடியாது. எனக்கு ஒரு பக்கம் ஏற்கெனவே இருட்டு இருக்கிறது, அண்ணே. அதைக் காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பந்தல் ஓரமாக நின்று எடுக்கலாம் என்று எழுதினாய் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் ஏன் ஓரமாக நிற்க வேண்டும்? என் சங்கடம் என்கிறாய். எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சங்கடப்படுகிறவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளட்டும். அவர்களுக்குத்தான் இரண்டு கண் இருக்கிறதே. லென்ஸை மாற்ற முடியாது, கிட்டே போனால்தான் படம் என்றால் அதுதான் எனக்கு வேண்டும். நான் கிட்டே போகிறேன்.

இரண்டு ஜன்னல் கேமராவை வாங்கி அனுப்பு. முடியாவிட்டால் என் காசை அனுப்பு, அமிர்தவல்லி அக்காவுக்கு எழுதிக்கொள்கிறேன்.

வரன் விஷயமாகக் கேட்டிருந்தேன். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அண்ணிக்கு என் அன்பு. உனக்கு அடுத்த கடிதத்தில்.

ராஜகுமாரி

*

அம்பத்தூர்
10 டிசம்பர் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

மழை வெள்ளம் என்று ரேடியோவில் கேட்டுப் பயப்படாதீர்கள். நாங்கள் மாடியில் இருப்பதால் தப்பித்தோம். அப்பாவின் மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் நளினி படித்துவிட்டு இரண்டு நாள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். “ஒங்க தங்கச்சிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?” என்று கேட்டாள். ஜம்புலிங்கம் லேசில் திரும்ப எடுக்கவில்லை. விற்றதை வாங்கினால் கடைக்கு ஆகாது என்று முரண்டு பிடித்தார். உன் கண் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்துவந்தார். ஜப்பான்காரன் செய்தது, என் வயது இருக்கும். வெளிச்சம் அளக்கிற முள் செத்துப்போயிற்று, மற்றதெல்லாம் வேலை செய்கிறது. நல்ல வெயிலென்றால் பதினாறு என்ற எண்ணில் வை, மேகமென்றால் எட்டு, வீட்டுக்குள் என்றால் கடைசி வரை திற என்று அவரே ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். கருப்பு வெள்ளை ஃபிலிம் நான்கு வைத்திருக்கிறேன். எடுத்து முடித்ததும் இங்கே அனுப்பு, கழுவிப் பிரிண்ட் போட்டு அனுப்புவது என் பொறுப்பு.

இதில் நீ ஜெயித்தாய் என்று வைத்துக்கொள். மற்ற விஷயங்களில் பெரியவர்கள் சொல்வதைக் கேள். எல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

அம்மா கையில் காயம் என்று சித்தப்பா சொன்னார், ஆறிற்றா என்று எழுது.

முத்துராஜ்

*

கட்சால்
21 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. அம்மா கை ஆறிவிட்டது, அப்பாவுக்குத் தைலம் வாசனை பிடித்துவிட்டதால் வலி இல்லாத காலுக்கும் தேய்க்கிறார்.

கேமரா வந்தது. ஜம்புலிங்கம் அண்ணாச்சிக்கு என் கும்பிடு. வந்த அன்று ஒரு வேலையும் செய்யவில்லை. வாசலில் உட்கார்ந்து தென்னை மரம், கோழி, ஜீப், அப்பா என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டே இருந்தேன். கோழி ஐந்தடி. அப்பா பன்னிரண்டடி, திட்டிக்கொண்டே வந்ததால் ஆறடி. அண்ணே, ஒரு வருடமாக உலகம் சுவரில் ஒட்டின காலண்டர் மாதிரி இருந்தது. அது மறுபடி கிட்டமும் தூரமுமாக உள்ளே போயிற்று. சந்தோஷத்தில் அழுதேன், அதற்கு இரண்டு கண்ணும் வேலை செய்கிறது.

பொங்கலன்று ஒரு ரோல் முழுக்க எடுத்துவிட்டேன். கோயில் முன்னால் கூட்டம், புதுப்பானை, ரெங்கம்மா அக்காவின் மகள் கோலம் போடுவது எல்லாம். முன்னால் போய் மூக்குக்கு நேராக நின்று எடுத்தேன். ஒருவரும் ஓடவில்லை. ரோல் இதோடு வருகிறது.

ஒரு வேடிக்கை கேள். கடையில் இந்திக்காரப் பாபி அம்மாவிடம், “வோ கானி பேட்டி கைசி ஹை?” என்று விசாரித்திருக்கிறாள். அந்தக் கானி மகள் எப்படி இருக்கிறாள் என்று கேள்வி, கானிக்கு ஒற்றைக் கண்ணி என்று அர்த்தம். அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியாது, காணி நிலத்தைக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டாள். “ஹமாரா காணி நஹி, சப் சர்க்கார் கா”, எங்களுக்கு ஏது காணி, எல்லாம் சர்க்காருடையது என்று ஒரே போடு. சிலோனிலிருந்து வந்த நாளிலிருந்து எங்களுக்குக் காணியே தரவில்லை என்று கூடவே ஒரு பாட்டம் புலம்பல் வேறு. பாபி திருதிருவென்று முழித்தாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்ல, நான் அர்த்தத்தைச் சொன்னதும் அம்மா அழுதாள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். இப்போது தோட்டத்தில் எனக்குக் கானி போட்டோவாலி, ஒற்றைக்கண் போட்டோக்காரி என்று பேர். கூப்பிட்டால் போகிறேன். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகாமல் என்ன?

அழுத வேகத்தில் அம்மா இன்னொன்றையும் கொட்டிவிட்டாள். உன் கம்பெனி சூப்பர்வைசர் முருகானந்தம் சாரின் அக்கா மகன் அருண்பிரசாத்துக்கு என்னைப் பார்க்கிறாயாம். போட்டோவைப் பார்த்துப் பிடித்துவிட்டதாம். எந்தப் போட்டோ, அண்ணே? உன்னிடம் என் போட்டோ ஒன்றுதான் உண்டு, உன் கல்யாணத்தில் எடுத்தது. அதில் இருக்கிறவளுக்கு இரண்டு கண். கண் விஷயத்தை அவர்களிடம் சொன்னாயா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது.

ராஜகுமாரி

*

அம்பத்தூர்
18 பிப்ரவரி 2024

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று தெரிந்து நிம்மதி. இங்கும் குறைவில்லை.

மனதைத் தேற்றிக்கொண்டு படி. நீ அனுப்பிய ரோலை லேபில் கொடுத்தேன். ஒரு படம்கூட விழவில்லை. ஃபிலிம் முழுக்கத் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருக்கிறது. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கிறாள் என்று லேப்காரர் சொன்னார். எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. உன்மேல் தப்பில்லை, பாவம். கண் தெரியாமல் நீ எவ்வளவு சிரமப்பட்டிருப்பாய். நளினியும் வருத்தப்பட்டாள்.

நான் சொன்னால் கேட்பாயா? இந்தக் கேமராவை ஓரமாக வைத்துவிட்டு இங்கே வந்துவிடு. கொஞ்ச நாள் எங்களோடு இரு. நான் எது செய்தாலும் உன் நல்லதுக்குத்தான். அதை மட்டும் நம்பு.

அப்பா அம்மாவைக் கவனித்துக்கொள்.

முத்துராஜ்

*

கட்சால்
17 மார்ச் 2024

அண்ணனுக்கு,

நான் பாவம் இல்லை. கடிதத்தை அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை.

தூறல் என்று மூடியைப் போட்டேன், எடுக்க மறந்தேன். சரி, என் தப்பு. ஆனால் அதற்கும் என் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேமராவில் பார்ப்பது பக்கத்து ஜன்னல் வழியாக. மூடி போட்டிருந்தாலும் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். நீ எடுத்திருந்தாலும் அதேதான். கடைக்காரர் சொன்ன ஆயிரம் நொட்டையில் இதுவும் ஒன்று, அவரையே கேட்டுப் பார். என் வலது கண்ணைக் குறை சொல்லுமுன் இன்னொன்றை யோசி. அன்றைக்குக் கோயில் முன்னால் ஐம்பது பேர் என் எதிரே நின்றார்கள். எல்லோருக்கும் இரண்டு இரண்டு கண். அத்தனை கண்ணும் அந்தக் கருப்பு மூடியை நேராகப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒருவர்கூட, மூடி இருக்கிறதே என்று சொல்லவில்லை. நெஞ்சு அடைக்க வேண்டுமென்றால் அவர்களுக்காக அடைக்கட்டும்.

மூடியைக் கிணற்றில் போட்டுவிட்டேன். இரண்டாவது ரோல் இதோடு வருகிறது.

அதில் கடைசிப் படம் நான். நானே எடுத்தது. கேமராவைத் தண்ணீர் டிரம்மின் மேல் வைத்தேன். நான் நிற்கப்போகிற இடத்தில் அப்பாவை நிறுத்தினேன். அவர் மூக்கு ஒன்றாகிற வரை வளையத்தைத் திருப்பிவிட்டு, தானாக எடுக்கிற நெம்புகோலை இழுத்துவிட்டேன். அது கிர்ரென்று ஓடுகிறபோது அப்பாவை விலகச் சொல்லிவிட்டு அதே இடத்தில் நான் போய் நிற்க வேண்டும். அப்பா விலகவில்லை. அம்மா உள்ளேயிருந்து, “பக்கவாட்டுல நில்லுடி” என்று கத்தினாள். என் கண் போன நாளிலிருந்து அப்பா என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை, உனக்கும் தெரியும். அன்றைக்கு என்னைப் பார்த்து, “நேராவே நில்லு புள்ள” என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். நேராகவே நின்றேன்.

அந்தப் படத்தை முருகானந்தம் சாரிடம் கொடு. அதற்காகத்தான் எடுத்தேன். போன கடிதத்தில் நான் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் கேட்டேன், நீ எழுதவில்லை. சொல்லியிருந்தால் சொன்னேன் என்று எழுதியிருப்பாய். அதனால் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டேன். பார்க்க வருகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இவ்வளவு தூரம் கப்பலேறி வந்தவர்கள் மனசு இளகிவிடும் என்று கணக்குப் போட்டிருப்பாய். இளகின மனசில் எனக்கு வாழ்க்கை வேண்டாம்.

அண்ணியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

ராஜகுமாரி

*

அம்பத்தூர்
21 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சி ராஜகுமாரிக்கு,

இங்கே உடம்புக்கு எல்லோரும் நன்றாக இருக்கிறோம். புத்தாண்டுக்கு நளினி உன் ஞாபகமாக மாங்காய்ப் பச்சடி செய்தாள்.

இரண்டாவது ரோல் அற்புதமாக வந்திருக்கிறது. கோழியைத் துரத்துகிற பிள்ளை, மழையில் கப்பல் துறையில் மூட்டை இறக்குகிறவர்கள், அம்மா முறைக்கிற படம், எல்லாம். லேப்காரர் யார் எடுத்தது என்று கேட்டார். பெருமையாக இருந்தது. மூடி விஷயத்தில் நான் எழுதியது தப்பு. ஜம்புலிங்கமும், “நாலு கண்ணு இருந்தாலும் மறப்பாங்க தம்பி” என்றார்.

ஆனால் அந்தக் கடைசிப் படம் மட்டும் விழவில்லை, தங்கச்சி. ரோல் முடிகிற இடத்தில் வெளிச்சம் பட்டு வீணாகிவிட்டதாம். என்ன செய்வது. பிரிண்டுகளும் நெகட்டிவும் அண்ணி கட்டி வைத்திருக்கிறாள், பார்சலில் வரும். புது ரோல் இரண்டு வைத்திருக்கிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மற்றவை பின்னர்.

முத்துராஜ்

*

கட்சால்
19 மே 2024

அண்ணனுக்கு,

படங்கள் வந்தன. வீடு வீடாகக் கொடுத்தேன். கோழிப் பிள்ளையின் வீட்டில் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். ரெங்கம்மா அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம், நான்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லியாயிற்று. சம்பந்தி வீட்டில் யாரோ முணுமுணுத்ததற்கு, “எம்மகளுக்கு அவ எடுத்தாத்தான் படம்” என்று அக்கா வாயை அடைத்துவிட்டாள். மணவறைக்கு முன்னால்தான் நிற்பேன்.

அண்ணி கட்டி வைத்த நெகட்டிவையும் பார்த்தேன். நெகட்டிவ் வரும் என்று எழுதினாயே, அதை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன் என்று உனக்குத் தோன்றவில்லையா? ஒற்றைக் கண்ணுக்கு அதுவும் தெரியாது என்று நினைத்தாயா?

கடைசிப் படம் விழுந்திருக்கிறது. ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் பட்ட தடமே இல்லை. அதில் எல்லாம் தலைகீழ், கருப்பெல்லாம் வெள்ளை, வெள்ளையெல்லாம் கருப்பு. பால் பூத்த என் வலது கண் நெகட்டிவில் கருகருவென்று நல்ல கண்ணாக இருக்கிறது. நல்ல கண் வெளுத்துப்போய் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ பார்த்தது பிரிண்டை. அதில் எல்லாம் உள்ளபடி இருந்திருக்கும், அதனால் ஒளித்துவிட்டாய். ரிஃப்ளெக்ஸ் வாங்கியதற்கு ஏமாற்றம் கிடையாது என்று காரணம் எழுதினாய். என்னை நீ ஏமாற்றியதை எதில் சேர்ப்பது?

திட்டி எழுத ஆரம்பித்தால் கப்பல் போய்விடும். இரண்டே விஷயம் சொல்கிறேன். நெகட்டிவ் துண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசிப் படத்தைப் பெரிதாகப் போடு, காலண்டர் அளவுக்கு. சட்டம் போட்டு உன் வீட்டு ஹாலில், கதவைத் திறந்தால் தெரிகிற சுவரில் மாட்டு. முருகானந்தம் சார் உன் வீட்டுக்கு மாதம் ஒருமுறை காபி குடிக்க வருகிறவர்தானே. வரட்டும், பார்க்கட்டும். கேட்டால் என் தங்கச்சி என்று சொல்.

மாட்ட முடியாது என்றால் அதையும் எழுது. நீ என் முகத்தை அலமாரியில் பூட்டி வைக்கிறவன் என்று தெரிந்துகொள்கிறேன். அப்புறம் உனக்குக் கடிதம் எழுத மாட்டேன், என் கல்யாணத்துக்கும் உன்னைக் கூப்பிட மாட்டேன், அது யாரோடு எப்போது நடந்தாலும் சரி.

அண்ணிக்கு முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நெகட்டிவை அவள் தெரிந்துதான் வைத்தாள் என்று நினைக்கிறேன். கேட்காதே.

ராஜகுமாரி

*

அம்பத்தூர்
14 ஜூலை 2024

ராஜகுமாரிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. கப்பல்மேல் பழி போட மாட்டேன். எங்களுக்கு உடம்பு சுகம்தான், எனக்குத்தான் மனசு சரியில்லாமல் இருந்தது.

மாட்டிவிட்டேன். கதவுக்கு நேரே.

போன ஞாயிற்றுக்கிழமை முருகானந்தம் சார் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார். உட்காராமல் நின்றுகொண்டே, “இது ஃபோட்டோவுல பார்த்த பொண்ணா?” என்று கேட்டார். சமையலறையில் நளினி பாத்திரச் சத்தத்தை நிறுத்திவிட்டாள். நான் சொன்னேன்: “ஆமா சார். என் தங்கச்சி. வலது கண் இல்ல. நான் ஒங்ககிட்ட மறைச்சிட்டேன். இது அவளே எடுத்துக்கிட்ட படம்.” அவர் காபியைக் குடித்தார். சர்க்கரை கம்மி என்றார். மறுநாள் கம்பெனியில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார். போன மாதம் பத்துக்கு ஒன்பது பொருந்தியிருந்த ஜாதகம். அதைக் கேட்டதும் எனக்கு வருத்தம் வரும் என்று நினைத்தேன். சுருக்கென்று கோபம்தான் வந்தது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தை இரண்டு மாதம் துணி அலமாரியில் வைத்திருந்தேன். எடுத்து எடுத்துப் பார்ப்பேன். பார்த்தபோதெல்லாம் எனக்கு அந்தக் கண் மட்டும்தான் தெரிந்தது. சுவரில் மாட்டி, எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் உன் முகம் தெரிந்தது. நெற்றியைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, என்னையே பார்க்கிறாய். இவ்வளவு கோபம் என்மேல் உனக்கு இருந்திருக்கிறது. இருக்க வேண்டியதுதான். அந்தக் கோபத்தைத்தான் நான் அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. படம் அங்கேயே இருக்கும்.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல். கல்யாணத்துக்கு எத்தனை ரோல் வேண்டும் என்று எழுது.

முத்துராஜ்

*

கட்சால்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அப்பா இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். அம்மா மாப்பிள்ளை போய்விட்டானே என்று ஒரு மூச்சு அழுதுவிட்டு, அவன் பேரே எனக்குப் பிடிக்கவில்லை என்றாள். கல்யாணத்துக்கு ஐந்து ரோல் வேண்டும். ஒரு ரோலுக்குள் அடங்குகிற குடும்பம் இல்லை அது.

படத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நீ அழுதிருப்பாய் என்று தெரிகிறது, இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அது கோபம் இல்லை, அண்ணே. மத்தியான வெயில் நேராக முகத்தில் அடித்தது. பதினாறு என்ற எண்ணில் வைக்க வேண்டுமே என்று வெயிலைப் பார்த்து நின்றேன், கண் கூசியது, அவ்வளவுதான்.

நீ பொய் சொன்னாய் என்று தெரிந்த அன்றைக்கும் டிரம்மின் மேல் கேமராவை வைத்து ஒன்று எடுத்தேன். கோபமாக இருப்பது அதுதான். இந்த ரோலில் வருகிறது. அதையும் அதே அளவில் போடு.

உன் தங்கச்சி
ராஜகுமாரி